மீன் ஏற்றும் ஹைலக்ஸ், 22ஆர் எஞ்சின்: 256 பாகைக் கேமா, 280 பாகைக் கேமா?

இறக்கக்கண்டி வண்டி (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். என்னிடம் 1986ஆம் ஆண்டு ஹைலக்ஸ் பிக்கப் ஒன்று உள்ளது. எஞ்சின் 22ஆர், 2366 சி.சி., பெற்றோல், காபரேற்றர். திருகோணமலைப் பக்கத்தில் டீசல் பிக்கப்புகளே மிகுதி என்பதால், இந்த எஞ்சினைப் பற்றி எந்தக் கராஜில் கேட்டாலும் "கழற்றி எறிந்துவிட்டு டீசல் ஒன்றைப் பூட்டுங்கள்" என்பதே முதல் பதிலாக வருகிறது. அதை நான் செய்யப்போவதில்லை. புளொக் போர் செய்தாகிவிட்டது. பிஸ்டன், ரிங், பெயரிங் எல்லாம் வந்துவிட்டன. ஹெட் மட்டும் கேம் (வால்வுகளைத் திறந்து மூடவைக்கும் தண்டு) இல்லாமல் மேசையில் கிடக்கிறது.

கையில் இரண்டு புதிய கேம் ஷாப்டுகள் உள்ளன. ஒன்று கொழும்பில் வாங்கியது. மூல அளவுக்கு நெருக்கமானது. அதன் அட்டையில், இன்டேக் வால்வு பிஸ்டனின் மேல் முனைக்கு 20 பாகை முன்னர் திறந்து, கீழ் முனைக்கு 56 பாகை பின்னர் மூடும் என்று உள்ளது. எக்ஸோஸ்ட் கீழ் முனைக்கு 60 பாகை முன்னர் திறந்து மேல் முனைக்கு 16 பாகை பின்னர் மூடுகிறது. மற்றது மெல்பேர்னிலிருந்து சித்தப்பா மகன் கொண்டுவந்தது. அதில் இன்டேக் 32, 68. எக்ஸோஸ்ட் 72, 28. வால்வு திறந்திருக்கும் மொத்தப் பாகை முதலாவதில் 256, இரண்டாவதில் 280.

வண்டியின் வேலை இதுதான்: ஞாயிறு தவிர்ந்த நாட்களில் விடியற்காலையில் இறக்கக்கண்டியிலிருந்து பட்டணத்துச் சந்தைக்கு ஐஸும் மீனுமாக 600 கிலோ வரையில் ஏற்றுகிறேன். வாரத்தில் இருமுறை கந்தளாய், ஹபரணை வழியாகத் தம்புள்ளை வரை செல்கிறேன். எதைப் பூட்டலாம்?

உவர்மலை தம்பி

யோசிக்க என்ன இருக்கிறது அண்ணை, 280ஐப் பூட்டுங்கள். எட்டு வால்வு எஞ்சின் மூச்சு விடத் திணறுவதே அதன் குறை. வால்வு அதிக நேரம் திறந்திருந்தால் அதிகக் கலவை உள்ளே போகும், அதிகக் கலவை போனால் அதிக வலு கிடைக்கும். ஐட்லிங்கில் அந்த எஞ்சின் அசைந்து அசைந்து நிற்கும் சத்தத்தை ஒருமுறை கேட்டால் 256ஐ நீங்களே அலுமாரியில் வைத்துவிடுவீர்கள். வெளிநாட்டிலிருந்து ஒருவர் சுமந்து வந்த சாமானை விற்பதும் முறையல்ல.

பழைய லேத்

தம்பி சொன்ன சத்தம் உண்மை. ஆனால் சத்தம் மீன் இழுக்காது. கேமைத் தெரிவதற்கு முன்னர் மூன்று விடயங்கள் எனக்குத் தெரிய வேண்டும்.

முதலாவது, இரண்டு அட்டைகளிலும் பாகை எந்தத் தூக்கத்திலிருந்து, அதாவது வால்வு எவ்வளவு உயர்ந்ததிலிருந்து, எண்ணப்பட்டுள்ளது? ஒரு தயாரிப்பாளர் வால்வு மயிரிழை அசைந்ததிலிருந்து எண்ணுவார். இன்னொருவர் இன்னும் சற்று உயர்ந்த பின்னரே எண்ணத் தொடங்குவார். ஆகவே ஒருவரின் 270 இன்னொருவரின் 260 ஆகலாம். ஒப்பிடத்தக்க எண் 1.27 மில்லிமீற்றர், அதாவது 50 தவ் (அங்குலத்தின் ஆயிரத்தில் 50 பங்கு) தூக்கத்தில் அளந்த பாகைதான். இரண்டாவது, டிஃப் (பின் அச்சுக் கியர்) விகிதமும் ரயர் அளவும் என்ன? மூன்றாவது, ஹெட் முன்னர் எத்தனை முறை செதுக்கப்பட்டது?

இறக்கக்கண்டி வண்டி

இரண்டு அட்டைகளிலும் ஒரே தூக்கத்திலேயே அளந்திருக்கிறார்கள் ஐயா, பார்த்துவிட்டேன். டிஃப் 4.1. ரயர் 185-14. ரயரிலும் தரையிலும் சோக்கட்டியால் கோடிட்டு, சுமையுடன் ஒரு முழுச் சுற்று உருட்டிப் பார்த்ததில் 2.05 மீற்றர் வந்தது. ஹெட் எத்தனை முறை லேத்துக்குப் போனது என்பது முன்னைய உரிமையாளருக்கே வெளிச்சம்.

பழைய லேத்

சோக்கட்டியால் அளந்தது நல்ல வேலை. அந்த எண்ணை வைத்தே கணக்கைத் தொடங்குவோம்.

மணிக்கு 60 கிலோமீற்றர் என்றால் நிமிடத்துக்கு 1000 மீற்றர். அதை 2.05ஆல் வகுத்து 4.1ஆல் பெருக்கினால் 2000. அதாவது நான்காம் கியரில் உங்கள் எஞ்சின் 2000 சுற்றில் ஓடும். 80இல் ஏறத்தாழ 2670. ஐந்தாம் கியருக்குப் போனால் இன்னும் குறையும். நிலாவெளி வீதியில் ஐஸ் பெட்டிகளுடன் நீங்கள் 60ஐத் தாண்டுவது அரிது. ஆகவே இந்த எஞ்சின் தன் வாழ்நாளின் பெரும்பகுதியை 1500க்கும் 2800க்கும் இடையில்தான் கழிக்கும். மூல எஞ்சினின் இழுவிசை ஏறத்தாழ 2800இல் உச்சமடைவதும் இதே வகை வேலையை எண்ணித்தான்.

இப்போது தம்பியின் வாதத்துக்கு வருகிறேன். வால்வு அதிக நேரம் திறந்திருந்தால் அதிகக் கலவை உள்ளே போகும் என்பது 4500 சுற்றில் உண்மை. அந்த வேகத்தில் உள்ளே பாயும் கலவை தன் உந்தத்தினாலேயே, பிஸ்டன் மேலேறத் தொடங்கிய பின்னரும் சிலிண்டரை நிரப்பிக்கொண்டிருக்கும். 1800 சுற்றில் அந்த உந்தம் இல்லை. பிஸ்டன் மேலேறும்போது இன்டேக் இன்னும் திறந்திருந்தால், உள்ளே வந்ததில் ஒரு பகுதி வந்த வழியே திரும்பிப் போகும். ஆகவே கேம் அட்டையில் நான் முதலில் பார்ப்பது இன்டேக் மூடும் பாகையைத்தான். வால்வு மூடிய பின்னர்தான் உண்மையான அமுக்கம் தொடங்குகிறது.

22ஆரின் ஸ்ட்ரோக் 89 மில்லிமீற்றர், கனெக்டிங் றொட் 148. இன்டேக் 56 பாகையில் மூடும்போது பிஸ்டனுக்கு மேலேற இன்னும் 74 மில்லிமீற்றர் மீதமிருக்கிறது; 68 பாகையில் மூடினால் 67தான் மீதம். எஞ்சின் அட்டையில் உள்ள அமுக்க விகிதம் 9.0 என்று கொண்டால், முதல் கேமில் எஞ்சின் உண்மையில் காண்பது 7.66, இரண்டாவதில் 7.03. புதுப் பிஸ்டன், புது ரிங் எல்லாம் போட்டுவிட்டு, தேய்ந்த எஞ்சினின் அமுக்கத்தை நீங்களே காசு கொடுத்து வாங்குகிறீர்கள்.

கிண்ணியா நானா

லேத் ஐயா கணக்கால் சொன்னதை நான் காலால் அனுபவித்தேன். என்னுடையது 4வை எஞ்சின், 2237 சி.சி., கேம் புளொக்குக்குள் இருக்கும் புஷ்றொட் வகை. நான்கு ஆண்டுகளுக்கு முன்னர் ஒருவரின் பேச்சைக் கேட்டு நீண்ட பாகைக் கேம் ஒன்றைப் பூட்டினேன். வெறும் வண்டியில் மூதூர் வீதியில் பறந்தது உண்மை.

ஒருநாள் காலை, கரையில் படகிலிருந்து மீன் ஏற்றுவதற்காகச் சரிவில் பின்பக்கமாக இறக்கிக்கொண்டிருந்தேன். முதல் தடவை பிரேக் பிடித்தது. சற்று விட்டு மீண்டும் மிதித்தேன். பெடல் கல்லாக இறுகிவிட்டது. எஞ்சின் நிற்கவில்லை, தன் பாட்டில் அசைந்து அசைந்து ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஹான்ட் பிரேக்கை இழுத்தும், பின்சக்கரம் இரண்டும் தண்ணீருக்குள் இறங்கிய பின்னர்தான் வண்டி நின்றது. படகில் நின்றவர்கள் இன்றுவரை அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

பிறகு வக்கூம் (எஞ்சின் உறிஞ்சும் வெற்றிடம்) அளக்கும் கேஜை மாட்டிப் பார்த்தேன். நல்ல எஞ்சின் ஐட்லிங்கில் 17 முதல் 21 பாதரச அங்குலம் காட்ட வேண்டிய இடத்தில், என்னுடையது 10க்கும் 12க்கும் இடையில் ஆடிக்கொண்டிருந்தது. மிதிக்கும் பலத்தைப் பெருக்கும் பிரேக் பூஸ்டர் வாழ்வது அந்த வக்கூமில்தான். முதல் மிதிக்குப் பூஸ்டரில் சேமித்தது உதவும்; இரண்டாவது மிதிக்குள் அது மீண்டும் நிரம்பவில்லை.

உவர்மலை தம்பி

நானா, அது ஐட்லிங் சரிசெய்யாத குற்றமாக இருக்கலாம். 900 அல்லது 1000 சுற்றில் வைத்தால் வக்கூம் ஏறும். லேத் ஐயாவுக்கும் ஒரு கேள்வி: அமுக்கம் குறைவதுதான் சிக்கல் என்றால் ஹெட்டைச் செதுக்கி அமுக்கத்தை ஏற்றினால் போயிற்று. அதோடு கேமை 4 பாகை முன்னே தள்ளிப் பூட்டினால் இன்டேக் முன்கூட்டியே மூடும். பிறகு 280இல் என்ன குறை?

பழைய லேத்

இரண்டும் நல்ல கேள்விகள். இரண்டுக்கும் கணக்கு உண்டு.

4 பாகை முன்னே தள்ளினால் இன்டேக் 64இல் மூடும். உண்மை அமுக்கம் 7.03இலிருந்து 7.25க்கு வரும். 256 பாகைக் கேம் எதுவுமே செய்யாமல் தரும் 7.66ஐ அது எட்டவில்லை. அதோடு இன்டேக் வால்வு முன்னரே திறப்பதால், மேல் முனையில் பிஸ்டனுக்கும் வால்வுக்கும் இடையிலான இடைவெளி குறைகிறது. பிஸ்டன் மேல் களிமண் வைத்துக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றி, வெட்டிப் பார்த்து, இன்டேக்கில் 2 மில்லிமீற்றரும் எக்ஸோஸ்டில் 2.5 மில்லிமீற்றரும் இருப்பதை உறுதி செய்யாமல் எவரும் இதைச் செய்யக் கூடாது.

ஹெட்டைச் செதுக்குவதைப் பார்ப்போம். 280 பாகைக் கேமை 7.66க்குக் கொண்டுவர, எஞ்சின் அட்டை விகிதம் 9.0இலிருந்து ஏறத்தாழ 9.8 ஆக வேண்டும். அதற்கு ஒவ்வொரு சிலிண்டரிலும் 7 சி.சி. இடத்தைக் குறைக்க வேண்டும். அது சிறு செதுக்கல் அல்ல. இந்த எஞ்சினில் கேம் ஹெட்டின் மேல் இருப்பதால், ஹெட் தாழ்ந்தால் கேம் சில்லும் கிராங்கை (பிஸ்டன்கள் சுழற்றும் அடித் தண்டை) நோக்கித் தாழ்கிறது, இரண்டையும் இணைக்கும் செயினின் தளர்ச்சி முழுவதும் அதை இறுக்கும் ரென்ஷனர் பக்கம் போகிறது, கேம் பின்தங்குகிறது. அரை மில்லிமீற்றர் செதுக்கினால் கிராங் கணக்கில் ஏறத்தாழ ஒரு பாகை பின்தங்கும். அமுக்கத்தைக் கூட்டச் செதுக்குகிறீர்கள், அச்செதுக்கலே இன்டேக் மூடுவதைத் தாமதப்படுத்தி அமுக்கத்தில் ஒரு பங்கைத் திருடிக்கொள்கிறது.

எண்ணெய்க் குதங்கள் சீனக்குடாவில் வரிசையாக நின்றாலும் பம்பில் நமக்குக் கிடைப்பது ஒக்டேன் 92, இல்லையேல் 95. கச்சான் வீசும் மாதங்களில் நடுப்பகலில், 600 கிலோ சுமையுடன் கந்தளாய் வீதியில் ஏறும்போது, 9.8 அமுக்கத்தில் 92 ஊற்றினால் நொக்கிங் (கலவை தானாகவே எரிந்து தட்டும் சத்தம்) கேட்கலாம். மீன் வியாபாரத்தில் தினமும் 95 ஊற்றுவது இலாபத்தை வாலிலிருந்து தின்பது போன்றது.

நானாவின் பிரேக்கைப் பற்றி: ஐட்லிங்கை ஏற்றினால் வக்கூம் சற்று ஏறும் என்பது சரி. ஆனால் மூல காரணம் அங்கில்லை. இன்டேக் திறக்கும் பாகையையும் எக்ஸோஸ்ட் மூடும் பாகையையும் கூட்டினால், இரண்டு வால்வுகளும் ஒருமிக்கத் திறந்திருக்கும் பாகை கிடைக்கும். 256இல் அது 20உம் 16உமாக 36. 280இல் 32உம் 28உமாக 60. லோப்களின் (வால்வைத் திறக்கும் கேமின் புடைப்புகளின்) இடைக்கோணம் இரண்டிலும் 110தான்; வேறுபாடு முழுவதும் திறந்திருக்கும் பாகையால் வருவது. அந்த 60 பாகையில் எரிந்த புகை இன்டேக்குக்குள் எட்டிப் பார்க்கிறது, வக்கூம் குறைகிறது. தம்பி விரும்பும் அந்தச் சத்தம் அதுவே.

உவர்மலை தம்பி

அப்படியென்றால் 280 பாகைக் கேமை ஏன் செய்து விற்கிறார்கள் ஐயா? வாங்குகிறவர்கள் எல்லோரும் முட்டாள்களா?

பழைய லேத்

இல்லை தம்பி. டிஃப் 4.88, கலவை வழிகள் நேரான 20ஆர் எஞ்சினின் ஹெட், இரட்டைக் காபரேற்றர், ஹெடர், உயர்ந்த பிஸ்டன் எல்லாம் சேர்த்து 3000க்கு மேலேயே ஓடும் வண்டிக்கு அது சரியான கேம். அதை ஒருநாள் உங்கள் காருக்கு நீங்களே கட்டுங்கள். ஹெட் வேலையை நானே செய்து தருகிறேன். மீன்பெட்டிக்கு அது சேராது.

சாம்பல்தீவுச் சந்தி

கேமின் அளவைப் பற்றி இவ்வளவு பேசியாகிவிட்டது. கேமின் அசைவை வால்வுக்குக் கடத்தும் நெம்பான றொக்கரைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. அதனால் என் கதையைச் சொல்கிறேன். நானும் ஒரு 22ஆருக்குப் புதுக் கேம் போட்டேன். பூட்டிய கராஜ் பழைய றொக்கர்களையே துடைத்துத் திருப்பிப் பூட்டியது. எனக்கும் அது தெரியாது. மூவாயிரம் கிலோமீற்றருக்குள் டப்பெட் (வால்வு இடைவெளி) சத்தம் தொடங்கியது. எத்தனை முறை அட்ஜஸ்ட் செய்தாலும் ஒரு கிழமையில் திரும்பி வந்தது. வால்வு மூடியைக் கழற்றிக் கேமை எடுத்து, ஒவ்வொரு லோப்பையும் மைக்ரோமீற்றரால் மூக்கிலிருந்து முதுகுக்கும் பிறகு குறுக்கேயும் அளந்தோம். எட்டில் ஆறு ஒன்றோடொன்று ஒத்திருந்தன. ஒன்று 0.1 மில்லிமீற்றர் குறைவு. மூன்றாம் சிலிண்டரின் எக்ஸோஸ்ட் 0.6 குறைவு, அதன் மூக்கு சப்பிய தோடம்பழ விதை போலிருந்தது. அதற்கு நேரே இருந்த றொக்கரின் அடியை நகத்தால் தடவினால் குழிகள் தட்டுப்பட்டன.

பழைய றொக்கர் பழைய கேமின் தேய்வுக்குப் பழகியது. புதுக் கேமில் அது அரம் போல வேலை செய்யும். றொக்கரைப் புதிதாக வாங்குங்கள், அல்லது அடியைச் சாணை பிடித்து மினுக்கிப் பூட்டுங்கள்.

பழைய லேத்

இதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், என் தவறு. இன்னும் இரண்டைச் சேர்க்கிறேன். ஒயில்: இத்தகைய தேய்க்கும் கேமுக்குத் துத்தநாகமும் பொசுபரசும் கலந்த சேர்மானம் வேண்டும். 2004இல் வந்த எஸ்.எம். தரத்திலிருந்து 5டபிள்யூ-30, 10டபிள்யூ-30 போன்ற மெல்லிய பெற்றோல் ஒயில்களில் பொசுபரசை 800 பி.பி.எம்.க்கு மேற்படாமல் கட்டுப்படுத்திவிட்டார்கள். 15டபிள்யூ-40, 20டபிள்யூ-50 போன்ற தடித்தவற்றுக்கு அந்த வரம்பு இல்லை. நம் வெயிலுக்கும் தடித்ததே பொருத்தம். அடுத்தது, முதல் ஓட்டம்: லோப்களில் பசை தடவிப் பூட்டி, ஸ்டார்ட் ஆனவுடன் ஐட்லிங்கில் விடாமல் 2000 சுற்றில் 20 நிமிடம் ஓட்டுங்கள். றேடியேற்றருக்குத் தண்ணீர், காபரேற்றருக்குப் பெற்றோல், டைமிங் எல்லாவற்றையும் முன்னரே ஒழுங்கு செய்யாமல் சாவியைத் தொடாதீர்கள். இடையில் நிறுத்தி நிறுத்தித் தேடுகிறவர்களின் கேம்தான் முதலில் போகிறது.

உங்களுடையது 86ஆம் ஆண்டு எஞ்சின் என்பதால் ஒற்றை வரிசைச் செயின், அதைத் தாங்கி வழிநடத்தும் பிளாஸ்டிக் கைட். 82வரை வந்தவற்றில் இரட்டை வரிசை இருந்தது. அந்தப் பிளாஸ்டிக் உடைந்தால் செயின் முன்மூடியை அறுத்து, தண்ணீர் ஒயிலுக்குள் வரும். கேமை மாற்றும் கையோடு செயின், கைட், ரென்ஷனர் மூன்றையும் மாற்றிவிடுங்கள். இரும்பு முதுகு வைத்த கைட் கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

இறக்கக்கண்டி வண்டி

எல்லோருக்கும் நன்றி. 256ஐயே பூட்டினேன். றொக்கர்கள் புதியவை, செயின் தொகுதியும் புதியது. சித்தப்பா மகனுக்குத் தொலைபேசியில் சொன்னேன். ஒரு நிமிடம் பேசாமல் இருந்துவிட்டு, "தம்பி, யாருக்காவது கொடு" என்றார்.

பூட்டும்போது நடந்ததை எழுதாவிட்டால் நன்றியில்லாதவனாகிவிடுவேன். பாகைத் தட்டு விலைக்குக் கிடைக்கவில்லை. பழைய கிளச் தட்டு ஒன்றில் 360 பாகை அச்சிட்ட தாளை ஒட்டிக் கிராங் முனையில் பூட்டினேன். சைக்கிள் கம்பி ஒன்றை முள்ளாக வளைத்தேன். பிளக் துளையில் தடையைத் திருகி, இருபக்கமும் சுற்றி நடுவைப் பிடித்து மேல் முனையைக் கண்டேன். டயல் கேஜை இன்டேக் வால்வின் மேல் வைத்து, உச்சிக்கு முன்னும் பின்னும் ஒரே தூக்கம் வரும் இரண்டு பாகைகளைக் குறித்து நடுவெடுத்தால், அட்டைக் கணக்குப்படி மேல் முனைக்குப் பின்னர் 108 பாகை வர வேண்டும். எனக்கு 110 வந்தது. மூன்று முறை செய்தும் 110தான். லேத் ஐயா சொன்ன அரை மில்லிமீற்றருக்கு ஒரு பாகை என்ற கணக்குப்படி, ஹெட்டும் புளொக்கும் சேர்ந்து ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் செதுக்குப்பட்டிருக்கிறது. முன்னைய உரிமையாளர் சொல்லாததைக் கேம் சொல்லிவிட்டது.

பழைய லேத்

கிராங்கில் 2 பாகை என்றால் கேமில் 1 பாகை. எப்படிச் சரிசெய்தீர்கள்?

இறக்கக்கண்டி வண்டி

கேம் சில்லின் ஊசித் துளையைப் பெருப்பித்து, மையம் விலகிய புஷ் ஒன்றைக் கடைந்து இறக்கினோம். ஊசிக்கும் மையத்துக்கும் உள்ள தூரத்தை அளந்து, ஒரு பாகைக்கு எவ்வளவு விலக வேண்டும் என்று கணக்கிட்டோம். கால் மில்லிமீற்றர்கூட வரவில்லை. இப்போது 108.

முதல் ஓட்டம் 20 நிமிடம் தடங்கலின்றி முடிந்தது. ஐட்லிங்கில் வக்கூம் 18 அங்குலம், முள் அசையவில்லை. ஆயிரம் கிலோமீற்றருக்குப் பின்னர் அமுக்கம் அளந்ததில் நான்கு சிலிண்டரும் 165க்கும் 170க்கும் இடையில் (பி.எஸ்.ஐ.). சூட்டில் டப்பெட் மீண்டும் பார்த்தேன்: இன்டேக் 0.20, எக்ஸோஸ்ட் 0.30 மில்லிமீற்றர், இரண்டே இரண்டில் மட்டும் சிறிது திருக வேண்டியிருந்தது. நேற்றுத் தம்புள்ளைக்கு முழுச் சுமையுடன் போனேன். முன்னர் மூன்றாம் கியருக்கு இறங்கிய ஏற்றங்களில் நான்கிலேயே போகிறது.

உவர்மலை தம்பி

அண்ணை, அந்த 280 பாகைக் கேமை யாருக்குக் கொடுப்பதாக உத்தேசம்?

இறக்கக்கண்டி வண்டி

டிஃபையும் ஹெட்டையும் முதலில் கொண்டுவந்து லேத் ஐயாவிடம் காட்டும். அதுவரைக்கும் அது துணியில் சுற்றி, ஒயில் தடவி, நிமிர்த்திவைத்தபடி என் அலுமாரியில் இருக்கும்.

கிண்ணியா நானா

அந்தக் கிளச் தட்டு எனக்கு ஒருநாள் வேண்டும். என் 4வைக்கு மூலக் கேமைத் திருப்பிப் பூட்டப்போகிறேன்.

இறக்கக்கண்டி வண்டி

சனிக்கிழமை சந்தை முடிந்து பத்து மணிக்கு மேல் வாருங்கள் நானா. முள்ளையும் கழற்றித் தருகிறேன். அதை வளைத்துவிடாமல் திருப்பித் தந்தால் போதும்.